கொழும்பு வீட்டில் பொழுதுபோக்காகத் தளபாடம் செய்வோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பிலும் தெஹிவளை, வத்தளை போன்ற அயற்பகுதிகளிலும் ஓய்வு நேரத்தில் மரவேலை செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. பிறநாட்டுக் காணொளிகளையும் கையேடுகளையும் பார்த்து வேலை தொடங்குபவர்கள் ஓரிடத்தில் கட்டாயம் தடுமாறுவார்கள்: அவை உலர்ந்த காற்றுள்ள ஊர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை, நாமோ கடலோர ஈரக்காற்றில் வேலை செய்கிறோம். ஆகவே கீழே உள்ள விடைகளில் பல, சுற்றிச் சுற்றி ஈரத்திடமே வந்து நிற்கும்.

தச்சு வேலை எதுவும் தெரியாது. எந்தப் பொருளிலிருந்து தொடங்கலாம்?

ஒரு மணையிலிருந்து தொடங்குங்கள். ஏறத்தாழ 18 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உள்ள ஒரு பலகை, அதன் அடியில் குறுக்காக இரண்டு கட்டைகள், வேறொன்றும் தேவையில்லை. ஆனால் மரத்தைப் பற்றி முதலில் அறிய வேண்டியது முழுவதும் அந்தச் சிறு பொருளுக்குள் அடங்கியிருக்கிறது. பலகை அகலவாட்டில் விரியும், சுருங்கும். குறுக்குக் கட்டையோ தன் நீளவாட்டில் ஏறக்குறைய அசைவதே இல்லை. இரண்டையும் பசை பூசி இறுக ஒட்டிவிட்டால், ஒன்று அசைய முயல மற்றது மறிக்க, நாளடைவில் பலகை வெடிக்கும். எனவே பசையைத் தவிர்த்து, ஒவ்வொரு கட்டையிலும் நடுத் திருகாணியை மட்டும் இறுக்கமாகப் பூட்டி, ஓரத் திருகாணிகளுக்கான துளைகளைக் கட்டையின் நீளப்போக்கில் சற்று நீட்டிவிட வேண்டும். அப்போது பலகை அசையும்போது திருகாணியும் அந்த நீள்துளைக்குள் சேர்ந்து நகரும்.

மணைக்குப் பிறகு சுவரில் மாட்டும் சிறு இறாக்கை, அதன் பிறகு ஒரு வாங்கு என்று போகலாம். கதிரையை மிகக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் செங்கோணமே அரிதாகத்தான் வரும். தவிர, ஆள் சாய்ந்து அமரும் ஒவ்வொரு முறையும் பின்கால் மூட்டு பிடுங்கப்படுகிறது.

எந்த மரம் வாங்குவது?

தொடக்கத்தில் ரப்பர் மரம் அல்லது மகோகனி போதும். ரப்பர் மரம் பால்வடிப்பு ஓய்ந்த தோட்டங்களில், ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டப்படுவது. சிறு துண்டுகளை விரல்கோத்தாற்போல் இணைத்து ஒட்டிய பலகையாகக் கடைகளில் கிடைக்கும். நேராக இருக்கும், எளிதில் அரியலாம், சாயமும் நன்றாக ஏற்கும். ஆனால் அதில் மாச்சத்து மிகுதியாதலால் பூச்சியும் பூஞ்சையும் விரும்பி வரும். போரக்ஸ், போரிக் அமிலம் ஏற்றிப் பதப்படுத்தியதா என்று கேட்டு வாங்க வேண்டும். மகோகனி உளிக்கும் சீவுளிக்கும் இணங்கிக் கொடுக்கும், உலர்ந்த பிறகு அதிகம் முறுக்காது.

பலா மரத்துக்குத் தனி அழகு உண்டு. புதிதாகச் சீவும்போது மஞ்சளாக இருப்பது ஒளியும் காற்றும் படப் படப் பழுப்பேறி, சில ஆண்டுகளில் ஆழ்ந்த செம்பழுப்பாகிவிடும். பிக்குகளின் காவித் துணிக்குச் சாயம் எடுத்ததும் இதே மரத்தின் வைரப் பகுதியிலிருந்துதான், அதாவது முற்றி இறுகிய நடுப்பகுதியிலிருந்துதான். புதிய பலகையையும் பழைய பலகையையும் ஒரே மேசையில் கலந்தால் தொடக்கத்தில் இருநிறமாகத் தெரியும், பிறகு பெருமளவு நெருங்கிவிடும். தேக்கு பற்றிச் சொல்லவே வேண்டாம்; எண்ணெய்ப் பசையால் ஈரத்தையும் கறையானையும் தாங்கும், ஆனால் அதிலுள்ள சிலிக்கா உளியின் கூரை விரைவில் மழுக்கும், விலையும் கையைச் சுடும். முதிரை பார்வைக்குப் பட்டுப்போல் மின்னும். கடினம் மிகுதி, அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். கருங்காலியையும் முதிரையையும் கைபழகிய பிறகு தொடுவது நல்லது.

மரக்காலையில் பலகையை எப்படிப் பார்த்து வாங்குவது?

பலகையின் ஒரு முனையைக் கண்ணருகே தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் ஓரத்தின் வழியே மறுமுனை வரை பாருங்கள். வில்லாக வளைந்திருந்தால் குறுகிய துண்டுகளாக வெட்டிச் சமாளிக்கலாம்; முறுக்கிக்கொண்டிருந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். முனைகளில் பெயின்ற் பூசியிருந்தால் அதன் அடியில் வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். ஓரத்தில் வெளிறிய பட்டையாகத் தெரிவது வைரம் பாயாத வெள்ளைப் பகுதி. எந்த உயர்ந்த மரமானாலும் அந்தப் பகுதியைப் பூச்சி தின்னும். குண்டூசித் தலையளவு துளைகளும் மாவு போன்ற தூளும் இருந்தால் அந்தப் பலகை மட்டுமல்ல, அதனுடன் அடுக்கியிருப்பதும் வேண்டாம்.

அளவைப் பற்றி ஒரு சொல்: 6×1 என்று கேட்டு வாங்கும் பலகை இரு புறமும் இழைத்த பிறகு ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒன்றிரண்டு நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டிலொரு பங்கு) குறைந்தே கைக்கு வரும். வரைபடம் போடும்போது அதற்கேற்பப் போடுங்கள். அரச மரக் கூட்டுத்தாபனத்தின் விற்பனை நிலையங்களில் மர வகை பற்றிய ஐயம் குறைவு. மொறட்டுவைப் பக்கத்து மரக்காலைகளில் தெரிவு அதிகம், பேரம் பேசவும் தெரிந்திருக்க வேண்டும். பழைய வீடு இடிக்கும் இடங்களில் கிடைக்கும் கதவு நிலைகளும் வளைகளும் பலர் கவனிக்காத நல்ல மூலம். அவை பல பத்தாண்டுகள் உலர்ந்தவை. மறைந்திருக்கும் ஆணிகளைக் காந்தம் வைத்துத் தேடிப் பிடுங்கிய பின்னரே வாளை வைக்க வேண்டும்.

வீட்டு வளவில் நிற்கும் பலா மரத்தை வெட்டி மேசை செய்யலாமா?

சொந்த வளவானாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைக் காக்கிறது. முதலில் உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். மரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வாகனத்தில் கொண்டுசெல்வதற்கும் பல வகைகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். கடையில் வாங்கினால் பற்றுச்சீட்டைக் கையிலேயே வைத்திருங்கள்.

வாங்கிய பலகையை உடனே வெட்டத் தொடங்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வரும்வரை ஈரத்தை வாங்கிக்கொண்டோ விட்டுக்கொண்டோ இருக்கும். கொழும்பில் காற்றின் ஈரப்பதன் 80 சதவீதத்தைச் சுற்றியே நிற்பதால், திறந்த யன்னலுள்ள வீட்டில் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 15 அல்லது 16 சதவீதத்தில் வந்து நிற்கும். குளிரூட்டி நாள் முழுவதும் ஓடும் அறையிலோ அது 10, 11 சதவீதம் வரை இறங்கக்கூடும். அதாவது, ஒரே வீட்டின் விறாந்தையும் படுக்கையறையும் மரத்துக்கு இரண்டு வெவ்வேறு ஊர்கள். மேசை எந்த அறையில் இருக்கப் போகிறதோ அந்த அறையிலேயே பலகையை வைத்துப் பழக விடுங்கள்: சுவரில் சாய்க்காமல், தரையிலிருந்து உயர்த்தி, பலகைகளுக்கு இடையே ஒன்றன்மேல் ஒன்று நேராக வரும்படி சிறு குச்சிகள் வைத்து, எல்லாப் பக்கமும் காற்றுப் படும்படி அடுக்க வேண்டும். உலர்ந்த பலகைக்கு இரண்டு மூன்று வாரம் போதும். புதிதாக அரிந்த ஓர் அங்குலப் பலகைக்குப் பல மாதங்கள் செல்லும்.

ஈரமானி இல்லாவிட்டால் கவலை வேண்டாம். பயணப் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு கொழும்புத் தமிழ் வீடுகளில் எப்படியும் ஒன்று இருக்கும். வாரம் ஒருமுறை ஒரே பலகையை அதில் தொங்கவிட்டு எடையைப் பலகையிலேயே பென்சிலால் எழுதுங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் பலகை இன்னும் காய்கிறது. அடுத்தடுத்த வாரங்களில் எடை மாறாமல் நின்றால் வெட்டத் தொடங்கலாம்.

நன்றாக ஓடிய லாச்சி மழைக்காலத்தில் திறக்க மறுக்கிறது. ஏன்?

மரம் அகலவாட்டில் வீங்கியதே காரணம். தை, மாசி வெயிலில் இடைவெளியே இல்லாமல் பொருந்தச் செய்த லாச்சி ஒக்டோபர், நவம்பர் மழையில் இறுகிவிடும். உலர்ந்த மாதங்களில் செய்வதானால் முன்பலகையின் உயரத்தில் ஒரு நூல் இடைவெளி விடுங்கள். அடைமழையில் செய்வதானால் அதில் பாதி போதும்.

மேசைத்தட்டுக்கும் இதே கணக்குத்தான். இரண்டடி அகலமுள்ள தட்டு, 16 சதவீத ஈரத்திலிருந்து 12 சதவீதத்துக்கு இறங்கும்போது, மரவகையையும் அரிந்த விதத்தையும் பொறுத்து 4 முதல் 6 மில்லிமீற்றர் வரை சுருங்கலாம். ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அரிந்த பலகை, கிடையாக அரிந்ததில் ஏறத்தாழ பாதியளவே அசையும். ஆகவே தட்டைக் கால்சட்டத்துடன் பசையால் ஒட்டாமல், சட்டத்தின் உட்புறக் காடியில் (நீளமாக வெட்டிய பள்ளத்தில்) செருகிய சிறு மரக்கட்டைகளால் பிடித்து வையுங்கள். தட்டு தன் விருப்பப்படி அசையும், ஆனால் மேலே எழும்பாது. அலுமாரிக் கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் ஒட்டாமல் விடுவதும் இதற்காகவே.

எந்தெந்தக் கருவிகள் கட்டாயம் வேண்டும்?

நல்ல கைவாள் ஒன்று, அரை அங்குலமும் ஓர் அங்குலமுமாக இரண்டு உளிகள், நடுத்தரச் சீவுளி ஒன்று, மூலைமட்டம், அளவுநாடா, கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), மின் துளைகருவி, குறைந்தது நான்கு கிளாம்புகள், தீட்டுக்கல். கொழும்பு 12இல் பழைய சோனகத் தெருவிலும் குவாரி வீதியிலும் ஒரு முற்பகல் நடந்தால் இவை எல்லாவற்றையும் வாங்கிவிடலாம். மேசைவாளையும், காடி வெட்டும் மின்கருவியான ரூட்டரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் ஆண்டுப் பணத்தை இயந்திரத்தில் போடுவதைவிட மரத்தில் போடுவதே கைக்கு நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

தீட்டுக்கல்லை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். கடையிலிருந்து வரும் உளி கூராக இருப்பது அரிது. 25 முதல் 30 பாகைச் சரிவில் தீட்டி, பின்புறத்தைக் கல்லில் தட்டையாக வைத்துத் தேய்த்து, மென்மரத்தின் வெட்டுமுகத்தில், அதாவது நாருக்குக் குறுக்கே அரிந்த முகத்தில், ஒரு சீவல் எடுத்துப் பாருங்கள்: நார் நசுங்காமல், முகம் பளபளவென்று வந்தால் கூர் போதும். கடலோரமாக இருப்பவர்கள் வேலை முடிந்ததும் இரும்பின்மேல் மெல்லிய எண்ணெய்த் துணியை ஓட்டிவிட வேண்டும். உப்புக்காற்று ஒரே இரவில் துருவைக் கொண்டுவந்துவிடும்.

கனடாவிலிருந்து உறவினர் மின்கருவி கொண்டுவந்தால் பயன்படுத்தலாமா?

அங்கே மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230 வோல்ற். நேரே செருகினால் மோட்டார் கருகும். தகுந்த வலுவுள்ள மின்மாற்றி வேண்டும். பற்றரிக் கருவியானால் மின்னேற்றி எந்த அழுத்தத்தை ஏற்கும் என்பதை அதன் அடியில் படித்துப் பாருங்கள். ஐக்கிய இராச்சியத்துக் கருவிகளுக்கு வீட்டு மின்சாரம் பொருந்தும். ஆனால் அங்குள்ள கட்டுமானத் தளங்களுக்காகவே 110 வோல்ற்றில் செய்யப்பட்டவையும் உண்டு. மஞ்சள் நிறச் செருகியைக் கண்டால் கவனம்.

மாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். அயலவர் முறைப்பாடு செய்யாமல் வேலை செய்ய முடியுமா?

முடியும், கைக்கருவிகளை நம்பினால். சீவுளியும் கைவாளும் உளியும் எழுப்பும் ஓசை கீழ்வீட்டுக்குக் கேட்பது சுத்தியலாலும் அதிரும் மேசையாலும்தான். மேசைக்கால்களின் அடியில் தடித்த ரப்பர்த் துண்டு வையுங்கள். பெரிய வெட்டுகளை மரக்காலையிலேயே செய்வித்துக் கொண்டுவந்தால் பாதி ஓசையும் முக்கால்வாசித் தூளும் வீட்டுக்கு வராது. எட்டுக்கு நான்கு அடித் தகடு எப்படியும் உங்கள் மின்தூக்கிக்குள் நுழையாது.

ஆணியும் திருகாணியும் போதாதா? மூட்டுகள் எதற்கு?

படச்சட்டத்துக்கும் பெட்டிக்கும் போதும். ஆள் அமரும் பொருளுக்குப் போதாது. மரத்தின் வெட்டுமுகத்தில் திருகாணி பிடிமானம் இழக்கும், பசையும் அங்கே உறிஞ்சப்பட்டு வலுவற்றுப் போகும். கழுந்து மூட்டில், அதாவது ஒரு கட்டையின் முனையை நாக்காகச் செதுக்கி மற்றதன் துளைக்குள் இறக்கும் மூட்டில், பசை படும் முகங்கள் நாரின் போக்கில் அமைவதால் பிடிப்பு பல மடங்காகும். கழுந்தின் தடிப்பு கட்டையின் தடிப்பில் மூன்றிலொரு பங்கு என்பது நெடுநாள் விதி. முதலில் துளையைச் செதுக்குங்கள், பிறகு அதற்கேற்பக் கழுந்தைச் சீவுங்கள். கழுந்தைச் சற்றுக் குறைப்பது எளிது, துளையைத் திருத்துவது தொல்லை. கையால் தள்ளினால் உள்ளே போக வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது.

எந்தப் பசை?

வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கு வெள்ளை அல்லது மஞ்சள் மரப்பசை. மழை படும் இடத்துக்கு எப்பொக்சி. தேக்கை ஒட்டுவதற்குச் சற்று முன்பு முகங்களை அசற்றோன் தோய்த்த துணியால் துடைத்து மேலெண்ணெயை நீக்குங்கள். கிளாம்பை ஒரு மணிநேரம் கழித்துக் கழற்றலாம், ஆனால் ஒரு நாள் ஆகும்வரை பாரம் ஏற்ற வேண்டாம்.

புத்தக இறாக்கை நடுவில் தொங்குகிறது. என்ன செய்வது?

தட்டின் நீளத்தைக் குறையுங்கள், அல்லது தடிப்பைக் கூட்டுங்கள். தடிப்பை இருமடங்காக்கினால் வளைவு எட்டிலொன்றாகும். அதே நெருக்கத்தில் புத்தகம் அடுக்கி நீளத்தை இருமடங்காக்கினாலோ வளைவு பதினாறு மடங்காகும். 18 மில்லிமீற்றர் எம்.டி.எஃப். தகட்டில் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகையில்) புத்தகம் வைப்பதானால் இரண்டடிக்கு மேல் தாங்கி இல்லாமல் விடாதீர்கள். முன்விளிம்பில் ஒன்றரை அங்குல உயரச் சட்டத்தை நிமிர்த்தி ஒட்டினால் தட்டு வியக்கத்தக்க அளவு விறைப்பாகும், வெட்டுமுகமும் மறையும். உயரமான இறாக்கையைச் சுவரோடு திருகாணியால் பிணைத்துவிடுங்கள், குழந்தைகள் ஏறுவார்கள்.

ஏற்றுமதிப் பெட்டிகளின் அடித்தட்டு மரத்தைப் பயன்படுத்தலாமா?

முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர்ச் சின்னத்துக்கு அருகில் எச்.டி. (HT) என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெதைல் புரோமைடு புகையூட்டியது, விட்டுவிடுங்கள். முத்திரையே இல்லாததையும் எண்ணெய்க் கறை உள்ளதையும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

கொழும்புக் காலநிலைக்கு எந்த மேற்பூச்சு நல்லது?

அரக்கு கரைத்த பிரெஞ்சு பாலிஷ் அழகானது, பழுதானால் எளிதில் திருத்தலாம்; ஆனால் சூடான தேநீர்க் கோப்பை வெண்வளையம் விட்டுப் போகும், மழைநாளில் பூசினால் காற்றின் ஈரம் படலத்துக்குள் சிக்கிப் பால்போல் வெளிறும். லாக்கர் பூச்சிலும் இதே வெளிறல் வரும். ஆகவே வெயில் ஏறிய முற்பகலில் பூசி, மாலை ஈரம் இறங்குவதற்குள் காய விடுங்கள். சாப்பாட்டு மேசைக்குப் பொலியூரித்தேன் வார்னிஷே ஏற்றது. தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய மூன்று பூச்சு நல்லது.

எதைப் பூசினாலும் மேசையின் அடிப்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கையில் பூசுங்கள். மேற்புறம் மட்டும் மூடப்பட்டால் அடிப்புறம் ஈரத்தை வேகமாகக் குடித்து, தட்டு குவிந்துகொள்ளும். அரத்தாளை 80, 120, 180 என்ற எண்களில், கரட்டிலிருந்து மென்மைக்குப் படிப்படியாக மாற்றி, நாரின் போக்கில் தேயுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிவது ஆபத்து; அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டோ தண்ணீரில் நனைத்தோதான் அப்புறப்படுத்த வேண்டும்.

கறிப்பலகைக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாமா?

அது காய்ந்து படலமாகாது, நாளடைவில் சிக்கு வாடை வரும். உணவுக்கு உகந்த கனிம எண்ணெயே நல்லது.

உடல் பாதுகாப்பில் எதைக் கட்டாயமாகக் கருத வேண்டும்?

தூளை. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குவதென்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இலேயே வகைப்படுத்தியது. துணியை முகத்தில் கட்டுவது போதாது. என்95 தரத்து முகக்கவசம் அணியுங்கள். எம்.டி.எஃப். அரியும்போது பசையிலுள்ள போர்மல்டிகைட்டும் சேர்ந்து வரும். கண்ணாடி எப்போதும், காதடைப்பு இயந்திரம் ஓடும்போதெல்லாம். சுழலும் கருவிக்கு முன் கையுறை அணியாதீர்கள், அது கையை உள்ளே இழுத்துவிடும்.

நவராத்திரிக்குக் கொலுப்படி செய்ய விரும்புகிறேன். கழற்றி வைக்கும்படி செய்ய முடியுமா?

நான்கடி அகலத்தில் மூன்று படிகளுக்கு எட்டுக்கு நான்கு அடி, 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை ஒன்று போதும். படி ஒவ்வொன்றும் 10 அங்குல ஆழமும் ஏழரை அங்குல உயரமும் என்று கொண்டால், தகட்டின் குறுக்கே 10 அங்குலப் பலகைகள் மூன்றை முதலில் வெட்டி எடுத்து, எஞ்சியதில் 30 அங்குல நீளமும் இருபத்திரண்டரை அங்குல உயரமும் உள்ள படிவடிவத் தாங்கிகள் மூன்றை எடுக்கலாம். இரண்டு தாங்கிகள் போதும் என்று தோன்றும். களிமண் பொம்மைகளின் பாரத்தில் நான்கடிப் பலகை நடுவில் தொங்கும் என்பதால் மூன்றாவது கட்டாயம். தாங்கிகளின் பின்புறத்தில் 2×1 அங்குலச் சட்டங்கள் இரண்டைக் குறுக்காக வைத்து, கையால் திருகும் நட்டுகளோடு போல்ட் போட்டால் அவை சரியாமல் நிற்கும். பலகைகளை மேலே வைத்து, அடிப்புறத்தில் ஒட்டிய சிறு கட்டைகள் தாங்கியின் பக்கத்தில் கவ்வும்படி விட்டால் திருகாணியே தேவைப்படாது.

வெள்ளைத் துணி விரிப்பதால் மேற்பூச்சில் அதிகம் மினக்கெட வேண்டாம்; ஓரங்களை மட்டும் துணி கிழியாதபடி உருட்டித் தேயுங்கள். கழற்றியதும் பலகைகளைக் கட்டிலின் அடியில் தட்டையாக வைக்கலாம், சுவரில் சாய்த்தால் வளையும். தாங்கிகளின் போல்ட் துளைகள் ஒன்றுக்கொன்று அரை நூலாவது வேறுபடும் என்பதால், எந்தச் சட்டம் எந்தத் தாங்கிக்கு என்று இரண்டிலும் ஒரே எண்ணைப் பென்சிலால் குறித்து வையுங்கள்.